தொட்டியிலிருந்து குளத்துக்கு

தையல்காரி அந்தச் செடியை வாங்கியது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பள்ளிச் சீருடைகளுக்குப் பித்தானும் நூல்கண்டும் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு நாற்றுப் பண்ணை. பார்ப்பதற்குக் காசா பணமா என்று உள்ளே நுழைந்தாள்.

வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீரில் மிதந்த செடியின் நடுவே இளம் ஊதாவில் ஒரு கொத்துப் பூ. மேலிதழில் மட்டும் விரல் நுனியால் மஞ்சள் தொட்டு வைத்ததுபோல் ஒரு புள்ளி.

"மண்ணு வேணாம், உரம் வேணாம். தண்ணியில போட்டுட்டு மறந்துடுங்கம்மா. தானா வளரும்" என்றார் பண்ணைக்காரர்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மூன்று செடிகளை ஒரு பையில் போட்டுக்கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நிலம், இரண்டு வீடு. சாலையை ஒட்டிய வீட்டில் தையல்காரியும் பஸ் ஓட்டுநரான அவள் கணவரும் இருந்தார்கள். அவர் வாரத்தில் ஐந்து நாள் வெளியூர் தடத்தில் போய்விடுவார். பிள்ளை இல்லை. சரிவில் கொஞ்சம் கீழே, காய்கறிப் பாத்திகளுக்குப் பக்கத்து வீட்டில் தம்பி, அவன் மனைவி இளையவள், நாலு வயது மகள். அதற்கும் கீழே குளம். சின்ன வயதிலிருந்தே எந்நேரமும் தண்ணீரில் கிடந்தவன் என்பதால் தம்பிக்கு 'மீன்கொத்தி' என்று பட்டப்பெயர். நிலம், மீன், பம்பு செட்டு எல்லாம் அவன் பொறுப்பு. மகளைப் 'பொடிசு' என்பார்கள். அவள் வளர்ந்தபிறகும் பெயர் வளரவில்லை.

தையல்காரி செடிகளை வீட்டின் பின்னால் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டியில் விட்டாள். அப்போது இளையவள் ஊரில் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த தாயைப் பார்த்துக்கொள்ள மகளோடு போனவள் திரும்பிவர நாலு மாதம் ஆனது. மீன்கொத்தி அண்ணி வீட்டில் சாப்பிட்டுவிட்டு முன்வாசலோடு போய்விடுவான். ஓட்டுநருக்கோ ரோஜாவும் ஒன்றுதான், முட்டைக்கோசும் ஒன்றுதான். ஆகவே அந்தப் பூவைப் பார்த்து ரசித்தவள் அவள் ஒருத்திதான்.

மூன்று முப்பதானது. தொட்டி நிரம்பி வழிந்தது. கை நிறைய அள்ளி, பின்பக்கம் ஓடும் கழிவுநீர் வாய்க்காலில் எறிந்தாள். பிடுங்கி எறிந்த செடி செத்துப்போகும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பத்து நாளில் மறுபடி நிரம்பியது. மறுபடி எறிந்தாள். கொசு வேறு சேர ஆரம்பித்ததும் அலுத்துப்போய்த் தொட்டியையே ஒருநாள் வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுத் துணி ஊறவைக்க வைத்துக்கொண்டாள். அந்த வாய்க்கால் பாத்திகளின் ஓரமாகவே போய்க் குளத்தில்தான் முடிகிறது.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மீன்கொத்தி சொன்னான்: "குளத்துல புதுசா ஒரு பூச்செடி வந்திருக்கு அண்ணி. ஆகாயத்தாமரைன்னு சொல்றாங்க. மேட்டுலேர்ந்து வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்போல."

தையல்காரியின் கை தட்டிலேயே நின்றது. 'அது நம்ம வீட்டுதுதான் தம்பி' என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் இளையவள், "பாக்க அழகாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

சொல்ல வந்த சொல் உள்ளேயே போய்விட்டது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். குளத்தின் ஒரு மூலையில் பதினைந்து இருபது செடி. ஒரு ஆள் அரைமணி நேரத்தில் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் விடாமல் எல்லாவற்றையும் எடுக்கவேண்டும் என்று, மூன்று முப்பதானதைப் பார்த்தவளுக்குத்தானே தோன்றும்? மற்றவர்களுக்கு அது வெள்ளம் கொண்டுவந்த பூ.

அடுத்த வருடம் குளத்தில் பாதி மூடியது. அதற்கடுத்த வருடம் தண்ணீரே தெரியவில்லை. மீன்கள் காற்றில்லாமல் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மீன்கொத்தி மூங்கில் கழியில் கொக்கி கட்டி இழுத்தான். இழுக்க இழுக்க வேர் ஈரத்தோடு வந்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒவ்வொரு பிடியும் பாறாங்கல்லாகக் கனத்தது. கரையில் குவித்ததில் மழைக்கு நாலு துண்டு மறுபடி உள்ளே சறுக்கினால் போதும், ஒரு மாதத்தில் பழைய கணக்கு. விவசாய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மருந்தடித்தால் மிச்ச மீனும் போகும், செடியைத் தின்னும் ஒருவகை வண்டை விட்டால் பலன் தெரிய மூன்று நாலு வருடமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வரி ஒண்ணுதான் அதுங்க கட்டலை. மத்தபடி குளம் அதுங்க பேர்லதான் இருக்கு" என்று மீன்கொத்தி சிரித்தான். கையெல்லாம் வெட்டும் கீறலும். தையல்காரி அந்தக் கைகளுக்கு மருந்து தடவிக்கொடுப்பாள். தையல் வேலையைப் போட்டுவிட்டு அவளும் இறங்கி இழுப்பாள்.

"அண்ணி, உங்களுக்கு ஏன் இந்தப் பாடு? போய் மிஷினைப் பாருங்க."

"பரவாயில்லை தம்பி."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டிப்போயிருந்தது. முதல் மாதம் சொல்ல வெட்கமாக இருந்தது, முதல் வருடம் பயமாக இருந்தது. மூன்றாம் வருடம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற ஒரு கேள்வியே வாசலில் பூட்டுப்போலத் தொங்கியது.

பொடிசுக்கு ஏழு வயது முடிந்த அந்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பம்பு தண்ணீர் எடுக்காமல் வெறுமனே உறுமியது. குளத்துக்குள் இருக்கும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதை வேர் அடைத்துக்கொள்வது வழக்கம்தான். செடிப்படுகையின்மேல் நீளப் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நடந்துபோய் மீன்கொத்தி வேரை அறுத்துவிட்டு வருவான். கரையில் கயிற்றின் மறுமுனையை இளையவள் பிடித்திருப்பாள். ஆள் பிடிக்காமல் போவதில்லை என்று அவனே வைத்திருந்த சட்டம் அது. அன்றைக்கு இளையவள், பொடிசின் ஆசிரியை வரச்சொன்னாள் என்று பள்ளிக்கூடம் போயிருந்தாள். பாத்தியில் நாற்று வாடிக்கொண்டிருந்தது. மிஷினில் இருந்த அண்ணியைத் தொந்தரவு செய்யாமல் அவன் கயிற்றைப் பம்பு செட்டுத் தூணில் கட்டிவிட்டுப் போனான்.

ஒரு மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். பம்பு செட்டுத் திண்டின்மேல் மடித்துவைத்த சட்டை, பக்கத்தில் செருப்பு. கயிறு தூணிலிருந்து போய்ப் பச்சைக்குள் இறங்கியிருந்தது. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செடிகள் ஒன்றோடொன்று கூடி மூடியிருந்தன, அங்கே எவரும் விழுந்ததாகவே தெரியாதபடி.

இளையவளின் அலறல் சாலைக்குக் கேட்டது. தையல்காரி ஓடிவரும்போது இடுப்பில் அளவுநாடா தொங்கியது. எட்டு ஆண்கள் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். வேர் விடவில்லை. அரிவாளால் வெட்டி வெட்டித்தான் அவனை வெளியே கொண்டுவர முடிந்தது.

"நீச்சல் தெரியாதவன் போனா சரி. இவன் எப்படிப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

"இவனைத் தண்ணி கொல்லலையே. தண்ணி எங்க இருக்கு இங்க?" என்றார் இன்னொருவர்.

அடக்கம் முடிந்து வந்தவர்களெல்லாம் போனபிறகு இளையவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். அங்கேயே இருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் ஒரே பேச்சு: "நான் கயிறு புடிச்சிருக்கணும். வேற ஒரு நாள் போயிருக்கலாம் ஸ்கூலுக்கு. நான்தான் புடிச்சிருக்கணும்." பால்காரரிடமும் அதையே சொன்னாள், தபால்காரரிடமும் சொன்னாள். சாப்பாட்டைத் தையல்காரி கொண்டுபோய் வைப்பாள். மாலையில் அப்படியே எடுத்துவருவாள். ஒன்றரை மாதத்தில் இளையவளின் கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஒரு சாயங்காலம் தையல்காரி பொடிசுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. யாரோ உறவுக்காரியிடம் அதே பேச்சு. பொடிசு தலையை அசைக்காமல் மெல்லக் கேட்டாள்.

"பெரியம்மா, நான் கணக்கை எழுதாம போனதுக்குத்தானே டீச்சர் அம்மாவை வரச்சொன்னாங்க?"

"ஏண்டா கண்ணு?"

"எழுதியிருந்தா அம்மா வீட்டுல இருந்திருப்பாங்கல்ல?"

தையல்காரி சீப்பைக் கீழே வைத்தாள். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இல்லை. இல்லவே இல்லை. உன்னால இல்லைடா" என்றாள். குழந்தை நம்பியதாகத் தெரியவில்லை. யாரால் என்று சொல்லாமல், உன்னால் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

உறவுக்காரி போனதும், பொடிசைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இளையவளின் எதிரில் தரையில் போய் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நடுவுல நிறுத்தாதே, நிறுத்தினா என்னால சொல்ல முடியாது."

இளையவள் பார்த்தாள்.

"அந்தச் செடி வெள்ளத்துல வரலை. நான்தான் வாங்கிட்டு வந்தேன், டவுன்லேர்ந்து. நீ அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்போ. தொட்டியில வெச்சேன். ரொம்பிப்போச்சுன்னு வாய்க்கால்ல போட்டேன். எனக்கு அது இப்படின்னு தெரியாது, சத்தியமா தெரியாது. ஆனா தம்பி அன்னிக்கு வெள்ளத்துல வந்துச்சுன்னு சொன்னப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். நீ கயிறு புடிக்காததால இல்லை. அந்தக் குழந்தை கணக்கு எழுதாததாலயும் இல்லை."

அழுவாள், அடிப்பாள் என்று தையல்காரி காத்திருந்தாள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை செடி இருந்துச்சு?" என்று கேட்டாள் கடைசியில்.

"மூணு வாங்கினேன்."

"குளத்துல. அவரு முதல்ல பாத்தப்போ."

"இருபது இருக்கும்."

"இருபது" என்றாள் இளையவள். "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாப்பிட்ட கையோட போய்ப் பறிச்சுப் போட்டுட்டு வந்திருப்பாரு. மூணு வருஷம் கைக்கு மருந்து போட்டுவிட்டீங்களே. அப்பகூட வாய் வரலையா உங்களுக்கு?"

தையல்காரி குனிந்தபடி இருந்தாள். இளையவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றரை மாதத்தில் அன்றைக்குத்தான் முதல்முறை அவள் படியைவிட்டு எழுந்தது.

அந்த வாரமே இளையவளும் பொடிசும் தாயின் ஊருக்குப் புறப்பட்டார்கள். பெட்டியைத் தூக்க வந்த ஓட்டுநரிடம் இளையவள் மரியாதையாகப் பேசினாள். தையல்காரி பக்கம் திரும்பவில்லை. பொடிசு மட்டும் பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஓட்டுநரிடம் தையல்காரி முந்தின நாள் இரவே சொல்லியிருந்தாள். அவர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். "எனக்கு இருந்தது ஒரே தம்பி" என்றார். பிறகு விடுமுறை நாளிலும் வண்டி கேட்டு வாங்கி ஓட்டப் போனார். இரண்டு மாதம் வீட்டில் பேச்சு 'சாப்பாடு', 'சாவி', 'போய்ட்டு வரேன்' என்ற அளவில் நின்றது.

தையல்காரி மறுபடி டவுனுக்குப் போனாள். அதே பண்ணை, அதே தொட்டி, அதே பூ.

"இதை விக்காதீங்கய்யா. இது ஒரு ஆளைக் கொன்னிருக்கு" என்றாள்.

பண்ணைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "செடி எப்படிம்மா ஆளைக் கொல்லும்?"

அவள் முழுக்கதையையும் நின்றபடியே சொன்னாள். கேட்டுமுடித்து அவர் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தார். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் விக்கலைன்னா பக்கத்துத் தெருவுல விப்பாங்க" என்றார். அடுத்தமுறை அவள் போனபோது தொட்டி வாசலில் இல்லை. உள்ளே, கொட்டகைக்குப் பின்னால் இருந்தது.

குளத்தைச் சுத்தம் செய்ய ஒரு வருடமும் ஏழு மாதமும் பிடித்தது. காலி பாட்டில்களைக் கயிற்றில் கோத்துக் குளத்தின் குறுக்கே மிதக்கவிட்டு, வயல்போல நாலு பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கு முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. எடுத்த செடியைக் கரையில் போடுவதில்லை; தள்ளுவண்டியில் மேட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் பரப்பி, காய்ந்தபின் குழியில் புதைத்தாள். தனியாகத் தண்ணீரில் இறங்கவே மாட்டாள். பக்கத்து நிலத்துக்காரர்கள் முறைவைத்து வந்து கரையில் நின்றார்கள். மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு வந்து, தள்ளுவண்டியைப் பிடித்தார். அன்று மாலை தேநீர் குடிக்கும்போது, "அந்த மூலையிலதான் அவனுக்கு நீச்சல் சொல்லிக்குடுத்தேன்" என்றார். பிறகு அழுதார். அவள் அவர் முதுகில் கை வைத்தாள், அவர் தட்டிவிடவில்லை.

கடைசிப் பங்கும் முடிந்து தண்ணீர் தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதே இரண்டு கை இதை அன்றைக்கே செய்திருக்கும் என்றுதான் தோன்றியது.

ஊரைவிட்டுப் போய் நாலு வருடம் கழித்து இளையவள் மகளோடு வந்தாள். பொடிசுக்குப் பதினொரு வயது. புதுப் பள்ளியில் பழைய பள்ளியின் சான்றிதழ் கேட்டார்களாம். வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பவேண்டும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், ஓட்டுநரின் முழங்கால்வலியை விசாரித்தாள். பேச்சு அத்துடன் தீர்ந்துபோனது.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலை" என்றாள் திடீரென்று, கைப்பையின் ஜிப்பைப் பார்த்தபடி. "சொல்லிடலாம்னு பஸ்ல நினைச்சுக்கிட்டுதான் வந்தேன். வரமாட்டேங்குது."

"வேணாம்மா" என்றாள் தையல்காரி. "நான் அதைக் கேக்கலை."

"இவ அப்பா எந்த இடத்துலன்னு பாக்கணும்கிறா. என்னால அங்க வரமுடியாது. நீங்க காட்டிட்டுக் கூட்டிட்டு வாங்க."

இருவரும் சரிவில் இறங்கினார்கள். பொடிசு இப்போது பெரியம்மாவின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். அப்பாவின் நடை, கையை வீசாமல் நடக்கும் நடை. குளக்கரையில் நின்று தையல்காரி விரல் நீட்டிக் காட்டினாள். "குழாய் தண்ணிக்குள்ள இறங்குது பார். அதுலேர்ந்து இந்தப்பக்கம் நாலடி. அங்கதான்."

வெறும் தண்ணீர். அதில் மேகம் ஒன்று நகர்ந்தது. பொடிசு நம்பமுடியாதவள்போல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செடி இல்லையே?"

"எடுத்துட்டோம். ஆனா விதை அடிச்சேத்துல கிடக்கும். பதினஞ்சு இருபது வருஷம்கூட உயிரோட இருக்குமாம். மழை பெஞ்சா முளைக்கும். மூணு நாளைக்கு ஒருக்கா வந்து பாப்பேன்."

"நீங்க செத்துப்போனா?"

"பெரியப்பா பாப்பாரு. அதுக்கப்புறம் தெரியலை."

பொடிசு குனிந்து தண்ணீரில் ஒரு விரலை வைத்து எடுத்தாள். பின்னால் வீட்டுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நான் நீச்சல் கத்துக்கிட்டேன் பெரியம்மா. ஸ்கூல்ல கத்துக்குடுத்தாங்க. எட்டு மாசமா போறேன். இப்ப மல்லாந்துகூட நீந்துவேன்." குரல் தணிந்தது. "அம்மாவுக்குத் தெரியாது. தண்ணின்னாலே அம்மா நடுங்குவாங்க. பாட்டு கிளாஸுன்னு சொல்லியிருக்கேன். நீங்க சொல்லிடாதீங்க."

தையல்காரி அந்தப் பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு. இன்னிக்கே சொல்லு, பஸ்லயே சொல்லிடு."

"திட்டுவாங்க. அழுவாங்க."

"அழட்டும். திட்டட்டும். இன்னிக்குன்னா ஒரு நாள் அழுகைதான். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வெக்காதே கண்ணு. வெச்சா சொல்லவே வராது. எனக்குத் தெரியும்."

பொடிசு தலையாட்டியதுபோலவும் இருந்தது, ஆட்டாததுபோலவும் இருந்தது.

நாலு மணி பஸ் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. இளையவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மகள் பக்கத்தில். வண்டி நகரும்போது பொடிசு அம்மாவின் பக்கம் திரும்பி ஏதோ பேச ஆரம்பித்தது தெரிந்தது. நீச்சலைப் பற்றித்தானா, இல்லை பசிக்கிறது என்று சொன்னாளா, தையல்காரிக்குத் தெரியாது. பஸ் வளைவில் மறையும்வரை நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், பாதியில் விட்ட சீருடைக் கழுத்துப்பட்டியை எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க அன்றைக்கு வெகுநேரம் ஆனது.